ஒரே எலும்பு, இரண்டு தலைப்புச் செய்திகள்

உங்கள் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் சிந்துவெளி நாகரிகத்தின் ஊர்களில் ஒன்றான ராக்கிகடியைப் பற்றியது. 2019 செப்டம்பரில், ஒரே எலும்புக்கூட்டின் டி.என்.ஏ. முடிவை வைத்து, ஆரியர் வருகை பொய் என்ற பொருளில் ஒரு நாளிதழும் அது உறுதியாகிவிட்டது என்ற பொருளில் இன்னொன்றும் எழுதியதைப் படித்துவிட்டு, இந்த விஞ்ஞானிகள் யாருக்காகப் பேசுகிறார்கள், இவர்களை எதற்காக நம்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். மனிதரின் தோற்றத்தையும் சமூகத்தையும் பற்றி அறிவியலாளர் எதைச் சொன்னாலும் ஏன் இத்தனை கொந்தளிப்பு எழுகிறது, அந்தக் கொந்தளிப்பில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளடக்கம். மனித மரபியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். என் வேலை பெரும்பாலும் உயிரோடு இருப்பவர்களின் ரத்த மாதிரிகளோடுதான். தொல் எலும்புகளில் என் கை பட்டதில்லை. தொல்லியலும் மொழியியலும் எனக்குப் படித்துத் தெரிந்தவை மட்டுமே. ஆகவே அந்தப் பகுதிகளில் நான் சொல்வதைச் சற்றுக் குறைத்தே மதிப்பிடுங்கள்.

முதலில் அந்த எலும்பு. ஹரியானாவின் ஹிசார் மாவட்டத்தில் உள்ள ராக்கிகடியில், புனே டெக்கான் கல்லூரியின் வசந்த் ஷிண்டே தலைமையில் நடந்த அகழாய்வில் பல எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றிலிருந்து 61 மாதிரிகளை எடுத்துச் சோதித்ததில் ஒன்றே ஒன்றில்தான் படிக்கத்தக்க டி.என்.ஏ. இருந்தது. அது ஒரு பெண்ணுடையது. கி.மு. 2800-க்கும் 2300-க்கும் இடைப்பட்ட காலத்தவர் என்று தொல்லியல் சூழலை வைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள். உட்செவியைச் சுற்றியுள்ள எலும்பு உடலிலேயே மிகக் கெட்டியானது, டி.என்.ஏ. எங்காவது தப்பிப் பிழைத்திருந்தால் அங்குதான் இருக்கும். அதைப் பொடியாக்கி, நூறுக்கும் மேற்பட்ட முறை திரும்பத் திரும்பப் பிரித்தெடுத்தும், ஒப்பிட உதவும் பன்னிரண்டு லட்சத்துக்கும் அதிகமான இடங்களில் 30 ஆயிரத்துச் சொச்சம்தான் படிக்கக் கிடைத்தன. வெப்பமும் மழையும் மாறி மாறி வரும் நம் மண்ணில் அதுவே பெரிய காரியம். படித்துப் பார்த்ததில், ஈரானியரோடு தொடர்புடைய மிகப் பழைய மரபுவழி ஒன்றும், அந்தமான் தீவு மக்களோடு தொலைதூர உறவுள்ள தென்னாசிய வேட்டைச் சமூகத்தின் மரபுவழியும் அவரிடம் கலந்திருந்தன. ஐரோப்பா முதல் வட இந்தியா வரை இன்று பரவிக் கிடக்கும் ஸ்டெப்பி புல்வெளி மேய்ச்சல் மக்களின் மரபுவழி அவரிடம் இல்லை. ஆரியர் வருகையோடு இணைத்துப் பேசப்படுவது அந்த மரபுவழிதான்.

இந்த ‘இல்லை’ என்ற ஒரு சொல்லிலிருந்துதான் இரண்டு தலைப்புச் செய்திகளும் பிறந்தன. இதை நம் வீட்டு அடுப்பங்கரையை வைத்தே விளக்கிவிடலாம். சங்க காலத்து அடுக்களை ஒன்றை அப்படியே தோண்டி எடுத்தால் அதில் மிளகு இருக்கும், மிளகாய் இருக்காது. அன்று ‘கறி’ என்றாலே மிளகுதான். மிளகாய், போர்த்துக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இப்போது ஒருவர், பழைய பானையில் மிளகாய் இல்லை, ஆகவே மிளகாய் வெளியிலிருந்து வந்ததென்பது கட்டுக்கதை என்று வாதிட்டால் சிரிப்போம். அன்று இல்லாதது இன்று எல்லார் வீட்டுக் குழம்பிலும் இருக்கிறதென்றால், இடையில் எப்போதோ வந்திருக்கிறது என்பதுதானே பொருள்? ராக்கிகடிப் பெண்ணிடம் இல்லாத ஸ்டெப்பி மரபுவழி, இன்றைய இந்தியர் பலரிடம், வட இந்தியரிடம் கூடுதலாகவும் தெற்கே குறைவாகவும், இருக்கிறது. ‘இல்லை’ என்பதை வாசித்த ஒரு தரப்பு அதோடு நின்றுகொண்டது. மறு தரப்பு இன்றைய நிலையோடு சேர்த்து வாசித்தது. இரண்டாவது வாசிப்பே தர்க்கப்படி சரியானது.

அது வெறும் தர்க்கமும் அன்று. அந்த ஆய்வுக் கட்டுரை வெளியான அதே நாளில் இன்னொரு பெரிய கட்டுரையும் வெளியானது. நடு ஆசியாவிலும் தென்னாசியாவின் வடக்கிலும் கிடைத்த 523 தொல் மனிதர்களின் டி.என்.ஏ.வை வைத்து எழுதப்பட்டது அது. மரபியலாளர்கள் வாகீஷ் நரசிம்மன், ஹார்வர்டின் டேவிட் ரைக், நீரஜ் ராய், தொல்லியலாளர் ஷிண்டே உள்ளிட்ட பலர் இரண்டிலும் ஆசிரியர்கள். ஸ்டெப்பி மரபுவழி கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையில் தென்னாசியாவை வந்தடைந்தது என்பது அதன் முடிவு. பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் கி.மு. 1200-ஐ ஒட்டிய எலும்புகளில் அது தெளிவாகவே காணப்படுகிறது. ஒரு பெண்ணின் எலும்பை வைத்து ஒரு நாகரிகத்தையே எடை போடலாமா என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். நியாயமான ஐயம். துர்க்மேனிஸ்தானின் கோனூரிலும் ஈரானின் ஷார்-இ-சோக்தாவிலும் அந்தந்த ஊராரிலிருந்து வேறுபட்ட மரபணு அமைப்புடைய 11 பேர் கிடைத்தார்கள். அந்த ஊர்கள் சிந்துவெளியோடு வணிகத் தொடர்பு கொண்டவை. அந்த 11 பேரும் ராக்கிகடிப் பெண்ணை ஒத்திருப்பதால்தான் ஆய்வாளர்கள் துணிந்து பேசுகிறார்கள். பன்னிரண்டு பேர் என்பது ஒருவரை விடப் பலமடங்கு உறுதியான சான்று. ஆனாலும் பல லட்சம் சதுர கிலோமீட்டரில் பரந்திருந்த ஒரு நாகரிகத்தின் மக்கள் அனைவரும் ஒரே வார்ப்பு என்று சொல்ல அது போதாது.

இங்கே அறிவியலாளரின் பங்குக்கு வருகிறேன். கட்டுரை வெளியானதும் டெல்லியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், ஆரியர் படையெடுப்புக் கோட்பாட்டுக்கு இனி இடமில்லை என்ற பொருளில் ஷிண்டே பேசினார். படையெடுப்பு என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால் அதில் தவறில்லை. மொகஞ்சதாரோவின் தெருக்களில் கிடந்த எலும்புக்கூடுகளை வைத்து, படையெடுத்து வந்தவர்களே நகரத்தை அழித்தார்கள் என்று 1940-களில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் எழுதினார். அந்தப் படுகொலை ஒரு கற்பனை என்று 1964-இலேயே ஜார்ஜ் டேல்ஸ் காட்டிவிட்டார். ஆக, தொல்லியலார் எப்போதோ கைவிட்ட ஒன்றை, புதிய மரபணுச் சான்று இப்போதுதான் வீழ்த்தியதுபோல அன்று பேசப்பட்டது. கேட்டுக்கொண்டிருந்த செய்தியாளருக்குப் படையெடுப்புக்கும் குடிப்பெயர்வுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகத் தோன்றியிருக்காது. படையெடுப்பு இல்லை என்பது வருகையே இல்லை என்று மறுநாள் அச்சேறியது. என் கருத்தில் இது வெறும் செய்தியாளர் பிழை மட்டும் அன்று. கட்டுரைக்குள் நூறு நிபந்தனைகளோடு எழுதும் நாங்கள், மைக்கைப் பிடித்ததும் அந்த நிபந்தனைகளை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசுகிறோம். இந்தப் பழக்கம் எல்லா முகாம்களிலும் உண்டு.

இனி ஐயத்துக்குரியவை. சிந்துவெளி மக்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதை எந்த எலும்பும் சொல்லாது. ஆரியம், திராவிடம் என்ற இரண்டும் மொழிக்குடும்பங்களின் பெயர்கள். ஒருவர் தாய்மொழியை மாற்றிக்கொண்டாலும் அவருடைய டி.என்.ஏ. மாறாது. ஸ்டெப்பி மக்களின் வருகையும், ஆரிய மொழிகளை உள்ளடக்கிய இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பரவலும் காலத்தாலும் வழியாலும் பொருந்தி வருகின்றன. ஆகவே முன்னது பின்னதைக் கொண்டுவந்தது என்பது வலுவான ஊகம். சிந்துவெளியினர் தொல் திராவிடம் பேசினார்கள் என்பதும் பலர் ஏற்கும் ஊகமே. சிந்துவெளி எழுத்துகள் ஐயமின்றி வாசிக்கப்படும் வரை அது ஊகமாகவே இருக்கும். இதைத் தமிழ்நாட்டு மேடைகளில் சொன்னால் கைதட்டல் கிடைக்காது என்பது அனுபவத்தில் தெரிந்தது.

பெயர் வைப்பதிலேயே எவ்வளவு சிக்கல் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2008-இல் டேவிட் ரைக், நிக் பேட்டர்சன் இருவரும் ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு வந்து, லால்ஜி சிங், குமாரசாமி தங்கராஜ் ஆகியோரோடு முடிவுகளை விவாதித்தார்கள். இன்றைய இந்தியர் பெரும்பாலோர் இரண்டு பழைய மக்கள் கூட்டங்களின் கலப்பு என்றும், அவற்றில் ஒன்று மேற்கு யூரேசியரோடு நெருங்கியது என்றும் கணக்கு காட்டியது. ‘மேற்கு யூரேசியர்’ என்ற பெயரை இந்திய ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. வெளியிலிருந்து பெருந்திரளாக மக்கள் வந்து இந்தியாவை மாற்றினார்கள் என்ற பொருளை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்பது அவர்கள் எதிர்ப்பு. கூட்டு முயற்சியே முறிந்துவிடும் நிலை வந்ததாக ரைக் பிற்பாடு தம் நூலில் எழுதியிருக்கிறார். கடைசியில் வட இந்திய மூதாதையர், தென்னிந்திய மூதாதையர் என்ற இரண்டு புதிய பெயர்களில் சமாதானம் ஆனார்கள். 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரின் மாதிரிகளை வைத்து 2009-இல் கட்டுரை வெளிவந்தது. கலப்பு என்பதைப் பிடித்துக்கொண்ட வடக்குச் செய்தித்தாள்கள் ஆரிய-திராவிடப் பிரிவு கட்டுக்கதை என்றன. பெயர்களைப் பிடித்துக்கொண்ட நம் பக்கத்தவர்கள் அந்த இரண்டு கூட்டத்தாரும் ஆரியரும் திராவிடரும்தான் என்றார்கள். சண்டையைத் தவிர்க்க வைத்த பெயரே புதுச் சண்டைக்கு விதையானது.

‘நம் பக்கத்தவர்கள்’ என்று சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வடக்கின் எதிர்வினையை மட்டும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 2000-களின் தொடக்கத்தில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும், ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை வழியாக வந்த முதல் மனிதர்களோடு தொடர்புபடுத்தப்படும் எம்130 என்ற மரபணுக் குறியை மதுரைப் பக்கத்து ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் ஒருவரிடம் கண்டார்கள். அது ‘முதல் இந்தியர் ஒரு தமிழர்’ என்று ஊர் முழுக்கப் பரவியது. அந்தக் குறி ஆண்வழியில், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. பத்துத் தலைமுறை பின்னோக்கிப் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் இருக்கும். அந்தக் குறி பேசுவது அவற்றில் ஒரே ஒருவரைப் பற்றி. மீதி 1,023 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று அது சொல்லாது. 2019-இன் கணக்குப்படி, தென்னிந்திய மூதாதையர் என்று நாங்கள் அழைத்த கூட்டமே, சிந்துவெளி மக்களை ஒத்தவர்களும் தெற்கின் வேட்டைச் சமூகத்தவரும் கலந்து உருவானதுதான். சிந்துவெளி மக்கள் நம் மூதாதையர் என்று தமிழர் சொன்னால் அது சரி. பஞ்சாபியர் சொன்னாலும் அதே அளவு சரி. ஒரு கல்லூரியில் இதைப் பேசி முடித்ததும் இரண்டு பேர் தனித்தனியாக வந்து நான் காட்டிய ஒரே படத்தின் பிரதியைக் கேட்டார்கள். எதற்கென்று விசாரித்தேன். ஒருவர், வந்தேறிகள் யார் என்று காட்ட என்றார். மற்றவர், வந்தேறி என்று யாருமே இல்லை எனக் காட்ட என்றார். கணக்கு எவ்வளவு தவறக்கூடும் என்று காட்ட, படத்தின் அடியில் இருந்த பிழை எல்லைக் கோட்டை இருவருமே வெட்டிவிட்டுத்தான் பகிர்ந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

ஆனால் மக்களின் எதிர்வினை முழுவதையும் அறியாமை என்று ஒதுக்கும் சகப் பணியாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் மூக்கையும் மண்டையையும் இடுக்கிக் கருவியால் அளந்துகொண்டே ஊர் ஊராகச் சென்றவர். வயநாட்டுப் பணியர் பெண்கள் தம்மைக் கண்டதும் ஓடிவிட்டதாகவும், தங்களில் நல்ல உடற்கட்டு உடையவர்களைப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப் போவதாக அவர்கள் நம்பினார்கள் என்றும் அவரே வேடிக்கையாகப் பதிவு செய்திருக்கிறார். அவருக்கு அது வேடிக்கை. எனக்கென்னவோ அந்தப் பெண்கள் நிலைமையைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள் என்று தோன்றுகிறது. அதே காலத்தில், 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கின் அகலம் கூடக் கூடச் சாதியின் படிநிலை தாழும் என்று எழுதினார். அதுவும் அன்று அறிவியல் என்றே அச்சானது. அண்மைக் காலத்திலும் தவறுகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவசூபாய் பழங்குடியினரிடம் 1990-களில் நீரிழிவு ஆய்வுக்கென்று சொல்லி எடுத்த ரத்தம், அவர்களைக் கேளாமலேயே மனநோய் ஆய்வுக்கும் இடப்பெயர்வு ஆய்வுக்கும் பயன்பட்டது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. தங்கள் ரத்தத்தை வைத்தே அதை மறுத்திருந்ததைக் கண்டு வழக்குத் தொடுத்தார்கள். 2010-இல் அரிசோனா அரசுப் பல்கலைக்கழகத்தை நடத்தும் நிர்வாகக் குழு 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிஞ்சியிருந்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது. முடிவு பிடிக்காததால் வரும் கோபமும், ஏமாற்றப்பட்டதால் வரும் கோபமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை எங்களுக்கு வேண்டும்.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். கட்டுரையில் அச்சான அளவீட்டை நம்பலாம். தவறென்றால் போட்டி ஆய்வுக்கூடம் ஒன்று சில ஆண்டுகளில் அதைக் கிழித்துவிடும். அளவீட்டிலிருந்து மொழிக்கும் மதத்துக்கும் உரிமைக்கும் தாவுகிற வாக்கியங்களை, அவற்றைச் சொல்பவர் எவ்வளவு பெரிய மரபியலாளராக இருந்தாலும், ஒரு படித்த குடிமகனின் கருத்தாக மட்டும் கேளுங்கள். கீழடியை ஒட்டிய கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு 2025-இல் லிவர்பூலில் முகம் வடித்துக் காட்டியபோது, பலரும் பேசியது தோல் நிறத்தைப் பற்றி. எலும்பு முகத்தின் வடிவைத் தரும், நிறத்தைத் தராது. இன்றைய தமிழ்நாட்டு மக்களைப் பார்த்துப் பூசிய வண்ணம் அது. சண்டை, சான்று இருந்த இடத்தை விட்டுவிட்டுச் சான்றே இல்லாத இடத்தில் நடந்தது.

எனக்கு இவை எல்லாவற்றையும் விட வியப்பளிப்பது, சத்தமே எழாமல் போன ஒரு முடிவு. 2013-இல் பிரியா மூர்ஜானி உள்ளிட்டோர் 73 சமூகங்களை ஆராய்ந்து, இந்தியாவில் பெருங்கலப்பு சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நடந்தது, பிறகு சொந்தச் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்யும் அகமணம் இறுகியது என்று காட்டினார்கள். யாரும் யாரோடும் கலந்த காலம் ஒன்று இருந்தது, பின்னர் கதவு சாத்தப்பட்டது. வந்தவர் யார், இருந்தவர் யார் என்று நான்காயிரம் ஆண்டுக்கு முந்தைய கணக்கில் மல்லுக்கட்டும் நாம், இன்னும் சாத்தியே இருக்கும் அந்தக் கதவைப் பற்றிப் பேசுவதில்லை. அதன் விளைவு மருத்துவமனைகளில் தெரிகிறது. 2017-இல் 260-க்கும் மேற்பட்ட தென்னாசியச் சமூகங்களை ஆராய்ந்ததில், 81 சமூகங்கள் மிகச் சில மூதாதையரிலிருந்து பெருகியவை என்றும், இந்தத் தன்மைக்கு வழக்கமாக எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஃபின்லாந்தியரையும் ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாசி யூதரையும் விட அவற்றில் அது கூடுதல் என்றும் தெரிந்தது. இத்தகைய சமூகங்களில் அரிய மரபுநோய்கள் தேங்கி நிற்கும். ஆந்திர, தெலங்கானா வைசியரிடையே ஒரு நொதிக் குறைபாடு அதிகம் என்பதால், அறுவை சிகிச்சைக்கு முன் கொடுக்கும் குறிப்பிட்ட தசைத்தளர்வு மருந்து அவர்களில் சிலருக்கு ஆபத்தாகிறது. சமூகப் பெயரைக் கேட்டுக்கொண்டு மருந்தை மாற்றும் மயக்க மருத்துவர்கள் உண்டு.

நான் பணியில் சேர்ந்த புதிதில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மாதிரி சேகரித்துக்கொண்டிருந்தோம். நம் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று கண்டுபிடிக்கப் போகிறோம் என்று மனப்பாடமாக வைத்திருந்த விளக்கத்தைச் சொல்லி, படிவத்தில் கைரேகை வாங்கி, ரத்தம் எடுப்போம். ஒரு பாட்டி கையை நீட்டியவாறே, “எங்கிருந்து வந்தா என்ன தம்பி, இங்கதான கெடக்கோம்” என்றார். பிறகு வாசலில் சைகையால் பேசிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைக் காட்டி, “பேரப்பயக ரெண்டு பேருக்கும் பொறவியிலயே காது கேக்கல. எங்க வகையறாவுல ஓடுதுங்கிறாக. அத இந்த ரத்தத்துல பாக்க முடியுமா?” என்று கேட்டார். முடியும். அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் எங்கள் திட்டத்துக்குப் பணம் தந்தவர்கள் கேட்டது குடிப்பெயர்வை மட்டும். பார்க்கிறோம் பாட்டி என்று சொல்லிவிட்டு, குழாயில் எண் ஒட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தேன். கட்டுரை வெளிவந்தது. அந்த ஊர் அதன் அட்டவணையில் மூன்றெழுத்துக் குறியாக இருக்கிறது. எங்களில் யாரும் அங்கே திரும்பிப் போகவில்லை.